வெங்காயத்தாமரையும் நாங்க அடிச்ச மருந்தும்

போன வாரம் மதுரையில இருக்குற எங்க தம்பி மகன் போன் பண்ணினான். அவன் குடியிருக்குற அடுக்குமாடி வீட்டுக்குப் பின்னால ஒரு கண்மாய் இருக்கு. கண்மாய்னு பேருதான். தண்ணியே கண்ணுக்குத் தெரியாது. கரை மேல நின்னு பார்த்தா, ஊதாப் பூ பூத்த பச்சை மைதானம் மாதிரி இருக்கும். சாயங்காலம் ஆனா கொசு வந்து மூஞ்சியில அப்பும்.

"பெரியப்பா, எங்க குடியிருப்போர் சங்கத்துல ஆளுக்கு ஐந்நூறு ரூபா போட்டு களைக்கொல்லி வாங்கி அடிச்சிரலாம்னு பேசுறாங்க. நீங்க வயக்காட்டுல அடிக்கிறவருதானே. எத்தனை மில்லி கலக்கணும்?"

நான் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அடிக்க வேணாம்னு சொல்லு சாமி. ஏன்னு எழுதி அனுப்புறேன்"னு சொல்லி வச்சிட்டேன். அவனுக்கு எழுத உட்கார்ந்ததுதான் இது. நீண்டு போச்சு. ஒவ்வொரு ஊர்லயும் இதே மாதிரி ஒரு கண்மாயும் இதே மாதிரி ஒரு சங்கமும் இருக்கும்கிறதால இங்கயே போடுறேன்.

நாங்க செஞ்சது

முதல்ல என் கதையைச் சொல்லிடுறேன். மத்தவங்க தப்பைப் பேசுறதுக்கு முன்னாடி நம்ம தப்பைச் சொல்லணும்.

பதினெட்டு, இருபது வருஷம் இருக்கும். அந்த வருஷம் நல்ல மழை. எங்க கண்மாய் நிறைஞ்சு கலுங்கு போச்சு. வரத்துக்கால்ல எங்கிருந்தோ நாலு செடி மிதந்து வந்துச்சு. பூ அழகா இருக்குனு பிள்ளைங்க எடுத்து விளையாடுச்சுக. நாங்களும் கண்டுக்கல. ரெண்டு வருஷத்துல மடைப்பக்கம் பூரா அடைச்சிக்கிச்சு. மடையைத் திறந்தா தண்ணி வராது, செடிதான் வரும்.

ஆயக்கட்டுக்காரங்க ஆறு பேரு சேர்ந்தோம். கூலி ஆள் விட்டு எடுத்தா ஏகப்பட்ட செலவாகும். நெல்லுல அகன்ற இலைக் களைக்கு அடிக்கிற டூ-ஃபோர்-டி வீட்டுல மிச்சம் கிடந்துச்சு. "அகன்ற இலைதானே, இதுவும் சாகும்"னு சொன்னது நான்தான். கைத்தெளிப்பானைத் தூக்கிக்கிட்டுப் போய் ஒரே நாள்ல மடைப்பக்கம் பூராவும் அடிச்சோம்.

நாலாம் நாளே தண்டு முறுக்கிக்கிச்சு. பத்து நாள்ல எல்லாம் பழுப்பு. டீக்கடையில எங்களுக்கு ராஜமரியாதை. மூணாவது வாரம் செத்த செடி மொத்தமும் தண்ணிக்குள்ள இறங்குச்சு. தண்ணி டிக்காஷன் மாதிரி ஆச்சு. ஒருநாள் விடியக்காலையில மீன்பாசி குத்தகை எடுத்தவரு வந்து என் வீட்டு வாசல்ல நின்னாரு. ஒண்ணும் சொல்லல. "வந்து பாருங்க"னு மட்டும் சொன்னாரு.

போய்ப் பார்த்தா கட்லாவும் ரோகுவும் வெள்ளையா வயித்தைக் காட்டிக்கிட்டு ஓரம் பூராவும் ஒதுங்கிக் கிடக்கு. மேல வந்து காத்தைக் குடிக்கத் தெரிஞ்ச விரால் மட்டும்தான் தப்பிச்சுச்சு. அவரு கடன் வாங்கிக் குஞ்சு விட்டிருந்தாரு. அது போதாதுன்னு, அடிக்கும்போது காத்து வீசினதுல கரைக்குக் கீழ எங்க பங்காளி ஒருத்தர் போட்டிருந்த பருத்தி இலையெல்லாம் கோழிக்கால் மாதிரி சுருண்டு போச்சு. பருத்திக்கும் டூ-ஃபோர்-டிக்கும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் காத்து பார்க்காம அடிச்சேன்.

ஆறு பேரும் சேர்ந்து மீன்காரருக்குக் கொஞ்சம் பணம் குடுத்தோம். போட்ட முதலுக்குப் பாதி கூட வராது. அடுத்த குத்தகையை அவரு எடுக்கல. அடுத்த மழைக்குச் செடி மறுபடியும் முளைச்சு வந்துச்சு, எங்களைக் கேலி பண்ற மாதிரி.

மீன் ஏன் செத்துச்சுன்னு அப்ப எனக்குப் புரியல. மருந்துல விஷம்னு நினைச்சேன். பின்னாலதான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அத்தனை செடியும் ஒரே நேரத்துல அழுகும்போது, அதை மக்க வைக்கிற நுண்ணுயிரிங்க தண்ணியில கரைஞ்சிருக்குற ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்கும். விடியக்காலையில அது ரொம்பக் குறைஞ்சிரும். மீன் மூச்சு முட்டிச் சாகும். எந்த மருந்தை அடிச்சாலும், ஒட்டுமொத்தமா கொன்னா இதுதான் நடக்கும்.

அதுக்கப்புறம்தான் இந்தச் செடியைப் பத்தித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். நூலகம், தெரிஞ்ச வேளாண் அலுவலர்கள், இப்ப கையில இருக்குற போன். படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுச்சு. நான் பண்ணின தப்பை எனக்கு நூறு வருஷம் முன்னாடியே பெரிய பெரிய அரசாங்கங்கள் பண்ணி முடிச்சிருக்கு.

பேருலயே ஒரு குழப்பம்

பத்திரிகைகள்ல இதை ஆகாயத்தாமரைன்னு எழுதுறாங்க. நம்ம சித்த வைத்தியத்துல சொல்ற ஆகாயத்தாமரை வேற. அது முட்டைக்கோஸ் மாதிரி இலை அடுக்கி, சின்னதா, தண்டே இல்லாம மிதக்கும். இது தண்டு வெங்காயம் மாதிரி ஊதி, பஞ்சு மாதிரி காத்து நிறைஞ்சு இருக்கும். அதனால வெங்காயத்தாமரைங்கிற பேருதான் சரியான பேரு. மருந்துக்குன்னு இதைப் பறிச்சு அரைச்சிராதீங்க.

அழகுக்காகக் கப்பல் ஏறினது

இதோட பிறந்த ஊர் தென் அமெரிக்காவில அமேசான் ஆத்துப் பக்கம். அங்க அது ஒரு தொந்தரவும் இல்லாம இருந்துச்சு. ஆத்துல வெள்ளம் வந்தா அடிச்சிட்டுப் போகும், மிச்சத்தைத் திங்கிறதுக்குப் பூச்சிகளும் இருந்துச்சு.

பூவைப் பார்த்து மயங்கின மனுஷன்தான் அதை நாடு நாடா தூக்கிட்டுப் போனான். 1884-85ல அமெரிக்காவில நியூ ஆர்லியன்ஸ் நகரத்துல பருத்திக் கண்காட்சி ஒண்ணு நடந்துச்சு. அங்க இருந்துதான் இந்தச் செடி வீட்டுக் குளங்களுக்குப் பரவுச்சுன்னு பொதுவா சொல்றாங்க. 1890களுக்குள்ள ஃப்ளோரிடாவில செயின்ட் ஜான்ஸ் ஆத்துல படகு போக முடியாத அளவுக்கு அடைச்சிருச்சு. 1899ல அந்த நாட்டு நாடாளுமன்றமே ராணுவப் பொறியாளர்கள்கிட்ட இதை அகற்றுற வேலையை ஒப்படைச்சுது.

அவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? முதல்ல வெட்டி எடுத்தாங்க, கட்டுப்படியாகல. அப்புறம் ஆர்சனிக் கலந்த மருந்தைத் தெளிச்சாங்க. நம்ம ஊர்ல பாஷாணம்னு சொல்வோமே, அதேதான். கரையோரம் மேய்ஞ்ச மாடுங்க அந்தச் செடியைத் தின்னு செத்துச்சு. மாட்டுக்காரங்க சும்மா விடல. 1905ல ஃப்ளோரிடாவுக்கு மட்டும், மாட்டுக்குக் கெடுதல் பண்ற மருந்தை அடிக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுத வேண்டியதாச்சு. இதைப் படிச்சப்ப எனக்கு எங்க வீட்டு வாசல்ல நின்ன மீன்காரர்தான் ஞாபகத்துக்கு வந்தாரு.

இன்னொரு கூத்தும் உண்டு. 1910ல லூசியானா மாநிலத்து உறுப்பினர் ராபர்ட் புருசார்டுங்கிறவரு நாடாளுமன்றத்துல ஒரு மசோதா கொண்டு வந்தாரு. ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானையைக் கொண்டு வந்து விட்டா, அது செடியைத் திங்கும், நாம நீர்யானைக் கறியைத் திங்கலாம்னு யோசனை. அதுக்கு இரண்டரை லட்சம் டாலர் கேட்டாரு. நல்ல வேளை, நிறைவேறல. நிறைவேறியிருந்தா செடியோட நீர்யானையையும் சேர்த்து விரட்ட வேண்டியிருந்திருக்கும்.

நம்ம பக்கம் வந்தது

ஆசியாவுக்கும் இது பூவாத்தான் வந்துச்சு. 1894ல ஜாவாத் தீவுல இருக்குற தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு வந்தாங்க. ஏறக்குறைய அதே காலத்துல வங்காளத்துக்கும் வந்து சேர்ந்துச்சு. வங்காளம் ஆறும் வாய்க்காலும் உள்ள தேசம். படகு போகல, நெல்லு வயலுக்குள்ள வெள்ளத்தோட செடியும் புகுந்து பயிரை அமுக்குச்சு. முதல் உலகப்போர் நேரத்துல அங்க இதுக்கு ஜெர்மன் பாசின்னே பேரு வச்சிருக்காங்க. எதிரி நாட்டுக்காரன் அனுப்பின சதின்னு பேச்சு.

அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க சட்டம் போட்டுப் பார்த்தாங்க. இலங்கையில 1909ல, பர்மாவில 1917ல. சென்னை மாகாணத்துல 1919ல விவசாயப் பூச்சி, நோய், களைகளைத் தடுக்கிற சட்டம் வந்துச்சு. வங்காளத்துல 1921ல, விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திர போஸ் தலைமையில ஒரு குழு போட்டாங்க. செடிக்கும் உணர்ச்சி உண்டுன்னு சொன்னாரே, அவரேதான். 1936ல தனியா வெங்காயத்தாமரைச் சட்டமே வந்துச்சு. 1937 தேர்தல்ல கட்சிகள் குடுத்த வாக்குறுதிகள்ல இந்தச் செடியை ஒழிக்கிறதும் ஒண்ணு. இன்னைக்கு ரோடு போடுறேன், தண்ணி தர்றேன்னு சொல்ற மாதிரி.

சட்டம் என்ன சொல்லுச்சு? உன் இடத்துல செடி இருந்தா நீதான் எடுக்கணும், எடுக்கலைன்னா தண்டனை. படிக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா செடி மிதக்குறது. நான் இன்னைக்கு எடுத்து முடிச்சா, நாளைக்கு மேல்கண்மாய்ல இருந்து வந்துரும். தண்ணிக்கு வரப்பு கிடையாது. வரத்துக்கால் மொத்தமும் ஒரே நேரத்துல சேர்ந்தாதான் நடக்குற வேலையை, தனித்தனி ஆளோட பொறுப்பா ஆக்கினா எப்படி நடக்கும்?

நம்ம முன்னோர்கள் வச்சிருந்த கணக்கு

இங்கதான் நம்ம பழைய ஏற்பாட்டைப் பத்திச் சொல்லணும். உத்திரமேரூர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919லயும் 921லயும் வெட்டினது, குடவோலைத் தேர்தலைச் சொல்லுதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அதுல தேர்ந்தெடுத்த வாரியங்கள்ல ஒண்ணு ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கிறதுக்குன்னே ஊர்ல ஆளைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. பதவிக் காலம் 360 நாள். ஒரு மழையில இருந்து அடுத்த மழை வரைக்கும்னு நான் எடுத்துக்கிறேன்.

அதுக்கப்புறம் குடிமராமத்து. கோடையில வீட்டுக்கு ஒரு ஆள் வந்து வாய்க்கால் வெட்டணும், மடை சுத்தம் பண்ணணும், கரைக்கு மண்ணு போடணும். எங்க அப்பா காலத்துல வரலைன்னா அந்த வீட்டுக்குத் தண்ணி முறை கடைசியாத்தான் வரும். வெள்ளைக்காரங்க கண்மாயைப் பொதுப்பணித்துறை கையில எடுத்துக்கிட்டு, 1858ல கட்டாய உழைப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டு, வழக்கமா செய்யுற வேலைக்கு வராதவங்களுக்கு அபராதம்னு எழுதினாங்க. மரியாதையா இருந்த முறை தண்டனையா மாறினா யாரு வருவா? கொஞ்சம் கொஞ்சமா நின்னு போச்சு. 2017ல தமிழக அரசு அந்தப் பேரைத் திரும்ப எடுத்துச்சு. பேரு திரும்பி வந்துச்சு. வீட்டுக்கு ஒரு ஆள் திரும்பி வரல, ஜேசிபி வந்துச்சு.

ஆனா முன்னோர்கள் காலத்துல இந்தச் செடி இல்லையே, அவங்களுக்கு என்ன தெரியும்னு கேட்கலாம். சரிதான். அவங்க பார்த்தது அல்லி, தாமரை, கோரை, பாசி. ஆனா அவங்க கண்மாய்க்கு ஒரு குணம் இருந்துச்சு. வருஷா வருஷம் வத்தும். சித்திரையில தரை தெரியும். மிதக்குற செடி காய்ஞ்சு சாகும். வண்டலை வண்டியில அள்ளி வயலுக்கு அடிப்போம். களைக்குச் சாப்பாடா இருக்குற சத்து மொத்தமும் வயலுக்குப் போயிடும். கண்மாய் காலியா, சுத்தமா அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

இப்ப மதுரையில என் தம்பி மகன் வீட்டுக்குப் பின்னால இருக்குற கண்மாய் வத்துறதே இல்லை. கோடையிலயும் தண்ணி நிக்குது. எப்படின்னு யோசிங்க. மழைத்தண்ணி இல்லை அது. உங்க வீட்டுச் சமையலறையும் கழிவறையும் அனுப்புற தண்ணி. அதுல இருக்குற தழைச்சத்தும் மணிச்சத்தும் நாங்க மூட்டை மூட்டையா யூரியாவும் டிஏபியும் போட்டாக் கூட வராது. வருஷம் 365 நாளும் தண்ணி, 365 நாளும் உரம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு மடங்காகுற செடிக்கு இதைவிட வேற என்ன வேணும்?

களை போனா பாசி வரும்

சரி, மருந்தடிச்சுக் கொன்னுட்டீங்கன்னே வச்சுக்குவோம். செத்த செடியில இருந்த சத்து எங்க போகும்? தண்ணிக்குள்ளயேதான் கரையும். மேல நிழல் குடுத்த இலை போனதும் வெயில் உள்ள இறங்கும். சத்தும் வெயிலும் சேர்ந்தா பாசி. தண்ணி பச்சைப் பெயிண்ட் ஊத்தின மாதிரி ஆகும். அதுல நீலப்பச்சைப் பாசின்னு ஒரு வகை உண்டு. அதுல சிலது கல்லீரலைக் கெடுக்குற விஷத்தை உண்டாக்கும். ஓரத்துல ஆடை மாதிரி படிஞ்சிருக்குற தண்ணியில மாட்டையோ நாயையோ குடிக்க விடக்கூடாது, பிள்ளைங்களை இறங்க விடக்கூடாது.

பாசிக்கும் மருந்து உண்டு. மயில்துத்தம். 1904ல அமெரிக்க விவசாயத் துறையில மூர், கெல்லர்மேன்னு ரெண்டு பேரு, கொஞ்சம் மயில்துத்தம் கரைச்சா குடிதண்ணிக் குளத்துல பாசி சாகும்னு எழுதினாங்க. ஊர் ஊரா எடுத்துக்கிட்டாங்க. விஸ்கான்சின் மாநிலத்துல மேடிசன் நகரத்து ஏரியில பல வருஷம் டன் கணக்குல கொட்டினாங்க. பாசி சாகும், கொஞ்ச நாள்ல திரும்ப வரும், திரும்பக் கொட்டணும். செம்பு அழியாத பொருள். எல்லாம் போய் அடி வண்டல்ல தங்கிருச்சு. நம்ம ஊர்ல வண்டலை வயலுக்கு அடிக்கிறோம். யோசிச்சுக்கோங்க.

இது எதிர்ப்பக்கமும் உண்மை. சாக்கடை வந்துக்கிட்டே இருக்கும்போது செடியை மட்டும் சுத்தமா எடுத்தாலும் பாசி வரலாம். அதனாலதான் செடி எடுக்கிறதை முதல் வேலைன்னு சொல்ல மாட்டேன், ரெண்டாவது வேலைன்னு சொல்வேன்.

பூச்சி பண்ணின வேலை

மருந்து இல்லாத வழியும் ஒண்ணு இருக்கு. செடி இங்க வந்தப்ப அதைத் திங்கிற பூச்சியை அது பிறந்த ஊர்லயே விட்டுட்டு வந்துருச்சு. அந்தப் பூச்சியைக் கொண்டு வந்தா? நியோசெட்டினான்னு ரெண்டு வகைக் கூன்வண்டு. அரிசியில வருமே, அந்த ஜாதிதான், கொஞ்சம் பெருசு. வளர்ந்த வண்டு இலையைச் சுரண்டும், புழு தண்டுக்குள்ள துளைச்சுக்கிட்டுப் போகும். வேற பயிரைத் தொடாதுன்னு சோதிச்சுப் பார்த்துட்டு, அமெரிக்காவில 1972லயும் 1974லயும் விட்டாங்க. இந்தியாவில 1980களின் தொடக்கத்துல பெங்களூருவுக்குக் கொண்டு வந்து, சோதனை முடிச்சு அந்தப் பக்கத்து ஏரிகள்ல விட்டாங்க. சில ஏரிகள்ல நல்ல பலன்.

ஆப்பிரிக்காவில விக்டோரியா ஏரி பெரிய உதாரணம். 1990 வாக்குல அங்க செடி நுழைஞ்சு, மீன்பிடித் துறைகளை அடைச்சிருச்சு. உகாண்டா 1995லயும் கென்யா 1997லயும் வண்டை விட்டுச்சு. சில வருஷத்துல பெரும்பகுதி குறைஞ்சு போச்சு. அப்புறம் திரும்பவும் கொஞ்சம் தலை தூக்குச்சு. வண்டு அடியோட ஒழிக்காது, அடக்கி வைக்கும். அதுக்கும் ரெண்டு மூணு வருஷம் பொறுக்கணும். மருந்தையும் அடிச்சு வண்டையும் விட்டா வண்டுக்கு இடமே இருக்காது.

அப்ப பெங்களூருல ஏன் பெல்லந்தூர் ஏரி அப்படி ஆச்சுன்னு கேட்பீங்க. 2015ல அந்த ஏரியில நுரை தீப்பிடிச்சுது, 2017லயும் தீ. தண்ணியில நெருப்பு! வண்டு செடியைத் திங்கும், ஒரு நகரத்தோட சாக்கடையைத் திங்காது.

ஒரு நகரம் மாத்திக் காட்டினது

நான் படிச்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அமெரிக்காவில சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியோட கதை. சுத்தி இருந்த ஊர்கள்ல எல்லாம் கழிவுநீரைச் சுத்திகரிச்சுத்தான் ஏரியில விட்டாங்க. ஆனா சுத்திகரிச்ச தண்ணியிலயும் மணிச்சத்து அப்படியே இருந்துச்சு. 1955ல எட்மண்ட்சன்னு ஒரு பேராசிரியரும் அவரோட ஆளுங்களும் அந்த ஏரியில ஒரு கெட்ட பாசியைக் கண்டுபிடிச்சாங்க. இது இன்னும் மோசமாகும்னு சொன்னாரு. 1958ல மக்கள்கிட்ட ஓட்டுக்கு விட்டாங்க. செலவு நம்ம தலையிலதான் விழும்னு தெரிஞ்சே, இரண்டாவது தடவையில சரின்னாங்க. 1963ல இருந்து 1968க்குள்ள எல்லாக் குழாயையும் ஏரியை விட்டுத் திருப்பினாங்க. நடுவுல ஒரு மீட்டர் ஆழம் கூடத் தெரியாம இருந்த தண்ணி, கொஞ்ச வருஷத்துலயே தெளிஞ்சுது. ஏரிக்குள்ள மருந்து ஒரு சொட்டு கூட ஊத்தல.

அங்க ஏரி ஆழம், பணம் இருந்துச்சு, எல்லாம் வேறதான். ஆனா வாய்க்காலை அடைக்காம வயலைக் காய வைக்க முடியாதுங்கிறது எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்.

இப்ப நாங்க செய்யுறது

தம்பி மகனுக்கு நான் எழுதினது இதுதான். எங்க கண்மாய்ல நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

முதல்ல கண்மாயைச் சுத்தி நடந்து, எந்தெந்தக் குழாய்ல சாக்கடை விழுதுன்னு எண்ணுங்க. உங்க அடுக்குமாடியோட குழாயையும் சேர்த்து எண்ணுங்க. போட்டோ எடுத்து, எழுதி, மாநகராட்சிக்கும் நீர்வளத்துறைக்கும் குடுங்க. கண்மாய் உங்க சங்கத்துச் சொத்து இல்லை. அனுமதி இல்லாம அதுல எதையும் ஊத்தக்கூடாது, வெட்டவும் கூடாது.

செடியைப் பூக்குறதுக்கு முன்னாடி எடுக்கணும். அதோட விதை சேத்துக்குள்ள இருபது வருஷம் வரைக்கும் உயிரோட கிடக்கும். ஒரு வருஷம் எடுத்துட்டு விளக்கு ஏத்திக் கொண்டாடிட்டுப் போனா ஆகாது. வருஷா வருஷம், மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் போகணும்.

ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுக்க வேணாம். பகுதி பகுதியா எடுங்க. மிதக்குற மூங்கிலைக் கயித்துல கோத்து குறுக்க கட்டினா, எடுத்த பகுதிக்குத் திரும்ப மிதந்து வராது. காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தக் கரையில நின்னு இழுத்தா பாதி வேலையைக் காத்தே செய்யும். பறவை கூடு கட்டியிருந்தா அந்த இடத்தை அந்தப் பருவத்துக்கு விட்டுருங்க. அல்லி, தாமரை, கோரையை விட்டு வைங்க, அது நம்ம ஊர் செடி.

சாக்கடைத் தண்ணியில வெறுங்காலோட இறங்காதீங்க. பூட்சும் கையுறையும் போடணும். செடிக்கு அடியில பாம்பு இருக்கும், உடைஞ்ச பாட்டில் இருக்கும். தனியா யாரும் இறங்கக்கூடாது. சேறு எவ்வளவு ஆழம்னு மேல இருந்து தெரியாது. இதோட வேர்ல ஒட்டிக்கிட்டு வளருற மான்சோனியான்னு ஒரு கொசு இருக்கு, யானைக்கால் நோயைப் பரப்புற ஜாதி. கொசுத்தொல்லை குறையணும்னா செடியை எடுக்க அதுவே ஒரு காரணம்.

எடுத்த செடியைக் கரையிலயே குவிச்சு வச்சிட்டுப் போகாதீங்க. முதல் மழையில சாறும் சத்தும் மறுபடி உள்ளதான் போகும், உயிரோட இருக்குற துண்டும் போகும். நூறு கிலோ செடியில தொண்ணூறு கிலோவுக்கு மேல தண்ணிதான். தள்ளிப் போட்டு வெயில்ல காய வச்சா லோடு குறையும். எங்க கண்மாய்ச் செடியைச் சாணியோட சேர்த்து மக்க வச்சுத் தென்னைக்குப் போடுறோம். ஆனா நகரத்துத் தண்ணியில பட்டறைக் கழிவும் சாயமும் கலந்திருக்கும். இந்தச் செடி ஈயம், காட்மியம் மாதிரி உலோகத்தை எல்லாம் உறிஞ்சி வச்சுக்கும். பரிசோதிக்காம அதைக் காய்கறிக்கு உரமாப் போடாதீங்க, மாட்டுக்கும் போடாதீங்க.

ஒரு கடைசி விஷயம். உங்க வீட்டு மொட்டை மாடித் தொட்டியில அழகுக்கு இந்தச் செடி வச்சிருந்தா, அலுத்துப் போச்சுன்னு கண்மாய்ல கொண்டு போய் விடாதீங்க. இந்தக் கதையே அப்படித்தான் ஆரம்பிச்சுது.

முந்தாநாள் அவன் திரும்பக் கூப்பிட்டான். சங்கத்துல நான் எழுதினதைப் படிச்சானாம். கொஞ்சம் பேரு "ஊர்க்காரரு ஏதோ எழுதியிருக்காரு"ன்னு சிரிச்சாங்களாம். ஆனா குழாய் எண்ணலாம்னு நாலு பேரு கிளம்பியிருக்காங்க. ஏழு குழாய். அதுல ஒண்ணு அவங்க அடுக்குமாடியோடது. இப்ப மருந்துப் பேச்சு நின்னு போய், அந்தக் குழாயை என்ன பண்றதுன்னு சண்டை நடக்குதாம். நடக்கட்டும். அது நல்ல சண்டை.

எங்க கண்மாய்ல இப்ப மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை காலையில பத்துப் பதினைஞ்சு பேரு இறங்குறோம். செடி இன்னும் முழுசாப் போகல, ஆனா மடை திறந்தா தண்ணி வருது. பழைய மீன்காரரோட மகன் போன வருஷம் குத்தகை எடுத்திருக்கான். அவங்க அப்பா ஒருநாள் கரைக்கு வந்து உட்கார்ந்து, நாங்க இழுக்குறதைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. நான் மேல ஏறி வந்ததும் தன் வெத்திலைப் பையை எடுத்து என் பக்கம் நீட்டினாரு. வாங்கிக்கிட்டேன். ரெண்டு பேரும் மருந்தைப் பத்திப் பேசிக்கல.